யூரியா மூட்டையும் ஹார்முஸ் ஜலசந்தியும்

மேலுரம் இடவேண்டிய வாரத்தில் கூட்டுறவுச் சங்கத்திற்குப் போனால் "லோடு வரவில்லை" என்ற பதில் கிடைப்பது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. சங்கச் செயலாளரைக் கேட்டால் மாவட்டத்திலிருந்து வரவில்லை என்பார். மாவட்டத்தில் கேட்டால் ரயில் ரேக் வரவில்லை என்பார்கள். ரேக் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த ஊரில் யாரும் இருக்கமாட்டார். ஏனென்றால் பல சமயங்களில் அந்தப் பதில் நம் ஊரிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே உள்ள ஒரு குறுகிய கடல்வழியில் இருக்கிறது.

பெட்ரோல், டீசல் வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யூரியாவும் அதே கிணறுகளின் பிள்ளைதான் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மூட்டைக்குள் இருக்கும் எரிவாயு

பயிருக்கு வேண்டிய தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இருக்கிறது. ஆனால் நெற்பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி 1909ஆம் ஆண்டில் காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் என்பவர் அதை ஆலைத் தொழிலாக்கினார். 1913ல் ஓப்பாவு என்ற இடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் உலகம் முழுவதும் யூரியா ஆலைகள் செய்வது இதே வேலைதான். அம்மோனியாவுடன் கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா கிடைக்கிறது.

காற்றுக்கு விலை கிடையாது. ஹைட்ரஜனுக்குத்தான் விலை. அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைப் பிரித்துப் பெறப்படுகிறது. ஆலையை ஓட்டும் வெப்பமும் அதே வாயுவிலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு டன் யூரியா தயாரிக்க 600 கனமீட்டருக்கு மேல் எரிவாயு செலவாகிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைத் தயாரிக்கச் செலவாகும் வெப்பம், நாம் சமையலுக்கு வாங்கும் சிலிண்டர் ஏறத்தாழ ஒன்றரைக்குச் சமம். தயாரிப்புச் செலவில் மிகப் பெரிய பங்கு இந்த வாயுவின் விலையே. ஆகவே வயலில் யூரியாவை வீசும்போது நாம் வீசுவது பெரும்பாலும் எரிவாயுவைத்தான் என்று சொன்னால் அது மிகையல்ல.

நமது நாட்டில் 2023-24ஆம் ஆண்டில் சுமார் 314 லட்சம் டன் யூரியா தயாராயிற்று. விற்பனையானது 357 லட்சம் டன்னுக்கு மேல். குறைந்ததைக் கப்பலில் வாங்க நேர்ந்தது. அந்த ஆண்டு இறக்குமதி சுமார் 70 லட்சம் டன். சரி, 314 லட்சம் டன் நம்முடைய சொந்தச் சரக்குதானே என்று எண்ணத் தோன்றும். அந்த ஆலைகளுக்குள் போகும் வாயுவில் பாதிக்கு மேல் திரவமாக்கிக் கப்பலில் வருவது. எரிவாயுவைப் பூஜ்யத்திற்குக் கீழே 162 டிகிரி வரை குளிரூட்டினால் அது திரவமாகி, 600 மடங்கு சுருங்குகிறது. அதைத் தனிக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 2024ல் இந்தியா வாங்கிய திரவ எரிவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கத்தார் என்ற சிறு நாட்டிலிருந்து வந்தது. கத்தாருடன் ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்க 1999ல் ஒப்பந்தமாகி, 2004 முதல் குஜராத்தில் தஹேஜ் துறைமுகத்திற்குச் சரக்கு வருகிறது. அந்த ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்து 2024 பிப்ரவரியில் கையெழுத்திட்டார்கள்.

மடைவாய் ஒன்றுதான்

கத்தார், குவைத், பஹ்ரைன், இராக், ஐக்கிய அரபு நாடுகள், சவூதி அரேபியாவின் கிழக்குக் கரை, ஈரானின் தென்கரை ஆகிய எல்லாம் பாரசீக வளைகுடாவைச் சுற்றி இருக்கின்றன. இந்த வளைகுடாவை ஒரு பெரிய ஏரியாக எண்ணிக்கொண்டால், அதற்கு மடைவாய் ஒன்றே ஒன்றுதான். அதுதான் ஹார்முஸ் ஜலசந்தி. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரிய கப்பல்கள் போவதற்கென்று குறித்த பாதை, போக ஒன்று வர ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு கடல்மைல் அகலந்தான். 2024ல் இந்த வாய் வழியாக நாள் ஒன்றுக்குச் சுமார் 2 கோடிப் பீப்பாய் எண்ணெய் போயிற்று. உலகம் செலவழிக்கும் எண்ணெயில் இது ஐந்தில் ஒரு பங்கு. கப்பலில் போகும் திரவ எரிவாயுவிலும் ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியே. உலகச் சந்தைக்கு வரும் யூரியாவிலும் பெரும் பங்கு இதற்குள்ளிருந்து வருகிறது.

கடைமடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமதகில் இருவர் சண்டையிட்டால் யாருடைய பயிர் முதலில் வாடும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சண்டைகள் அடிக்கடி வந்திருக்கின்றன. 1980 முதல் 1988 வரை ஈரானும் இராக்கும் போரிட்டன. 1984க்குப் பிறகு இரு தரப்பும் எண்ணெய்க் கப்பல்களையே குறிவைத்துத் தாக்கின. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. சண்டை 12 நாள் நீடித்தது. நடுவில் ஜலசந்தியை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் தீர்மானித்தது. அந்தச் சண்டையில் மூடவில்லை. ஆனாலும் யூரியா விலை ஏறிவிட்டது. இதில் கவனிக்கத்தக்க விஷயம் எகிப்தில் நடந்தது. இஸ்ரேல் தன் கடல் எரிவாயுக் கிணறுகளைப் பாதுகாப்புக்காக நிறுத்தியதும், அந்த வாயுவை வாங்கி வந்த எகிப்தின் யூரியா ஆலைகள் உடனே நின்றன. குண்டு விழுந்தது ஒரு நாட்டில்; ஆலை நின்றது இன்னொரு நாட்டில்.

ஓமான் நாட்டு யூரியா ஆலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நம் கூட்டுறவு நிறுவனங்களாகிய இப்கோவும் கிரிப்கோவும் ஆளுக்குக் கால்பங்கு போட்டு, ஓமானுடன் சேர்ந்து அமைத்த ஆலை அது. 2005ல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்குப் பதினாறு லட்சம் டன்னுக்கு மேல் தயாரிக்கும் அளவுடையது. அந்த ஆலை இருக்கும் சூர் என்ற ஊர் ஹார்முஸ் ஜலசந்திக்கு வெளியே உள்ளது. அதற்கு வாயு ஓமானின் உள்நாட்டுக் கிணறுகளிலிருந்து குழாயில் வருகிறது. யூரியாக் கப்பல் ஜலசந்திப் பக்கமே போகாமல் நேரே நம் கரைக்கு வந்துவிடலாம். எண்ணிச் செய்தார்களோ, தற்செயலோ, மடைவாய்க்கு இப்பால் ஒரு கிணறு வெட்டியது நல்ல காரியம்.

மணலி, தூத்துக்குடி, நெய்வேலி

நம் மாநிலத்தின் கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. 'விஜய்' யூரியாவை அறியாத விவசாயி வட மாவட்டங்களில் இருக்கமாட்டார். அதைத் தயாரிக்கும் மணலி ஆலையின் கம்பெனி 1966 டிசம்பரில் மத்திய அரசும் அமோகோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து அமைத்தது. 1972ல் அமெரிக்கப் பங்கில் பாதியை ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி வாங்கிக்கொண்டது. அமெரிக்கர் 1985ல் விலகிவிட்டார்கள். கால்பங்குக்குச் சற்று மேல் ஈரானியர் கையில் தங்கியது. அமெரிக்காவும் ஈரானும் ஒரே ஆலையில் பங்காளிகளாக இருந்த காலம் ஒன்று உண்டென்றால் இப்போது நம்புவது கடினம்.

மணலியும் 1975ல் தொடங்கிய தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் நெடுங்காலம் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை வைத்து ஓடின. எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அவை மூச்சுத் திணறின. 2019ல் எண்ணூரில் திரவ எரிவாயு இறக்கும் நிலையம் தொடங்கியதும் மணலி ஆலை வாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம் வட்டாரத்துக் கிணறுகளின் வாயுவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக 143 கிலோமீட்டர் குழாய் அமைத்து 2021 பிப்ரவரியில் தொடங்கி வைத்தார்கள். ஆக, ஓர் ஆலை கப்பலை எதிர்பார்க்கிறது. இன்னொன்றுக்கு நம் மண்ணிலேயே கிணறு இருக்கிறது.

நெய்வேலியிலும் 1966ல் ஒரு யூரியா ஆலை ஏற்பட்டது. அங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா தயாரிப்பது என்ற நோக்கத்தோடு கட்டினார்கள். கட்டுப்படியாகாமல் பிற்பாடு மூடப்பட்டது. எந்த நாட்டு ஜலசந்தியும் குறுக்கே வராத யூரியா அது!

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். காவிரிப் படுகைக்கு அடியிலும் எரிவாயு இருக்கிறது. கிணறு தோண்டினால் நிலத்தடி நீர் கெடும், வயல் போய்விடும் என்று டெல்டா விவசாயிகள் போராடினார்கள். 2020ல் அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்துத் தமிழக அரசு சட்டம் செய்தது. அந்த அச்சம் நியாயமானது. சோறு போடும் நிலத்தைத் துளைக்க எவரும் சம்மதிக்கமாட்டார்கள். ஆனால் சொந்த வாயு வேண்டாமென்றால் கத்தார் வாயுவில் விளைந்த யூரியாவைத்தான் வீச வேண்டும், அல்லது யூரியாவைக் குறைக்க வேண்டும். இரண்டும் மாட்டேன் என்பதற்கு இடமில்லை.

விலை ஏறாது, மூட்டை வராது

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பீப்பாய் 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலர் அளவுக்குப் போயிற்று. அதோடு உர விலையும் பறந்தது. குட்டை ரக நெல் பரவி, விவசாயி ரசாயன உரத்துக்குப் பழகிக்கொண்டிருந்த சமயம் அது. அந்த அனுபவத்திற்குப் பின் 1977ல் மத்திய அரசு ஒரு முறையைக் கொண்டு வந்தது. ஆலைக்கு அடக்கவிலையைக் கணக்கிட்டு அரசு ஈடு செய்யும். விவசாயி குறித்த விலைக்கு வாங்கலாம். முறைகள் பின்னர் மாறினாலும் யூரியாவைப் பொறுத்தவரை அந்தக் கொள்கை தொடர்ந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனில் நுழைந்தது. ஐரோப்பாவுக்கு ரஷ்ய வாயு குறைந்ததும், ஐரோப்பியர் உலகெங்கும் கப்பல் வாயுவை அதிக விலை கொடுத்து அள்ளிக்கொண்டார்கள். வங்காள தேசம் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2022 ஜூலையில் வெளிச்சந்தையில் வாங்குவதையே நிறுத்தியது. ஏப்ரலில் யூரியா டன் 900 டாலரைத் தாண்டியிருந்தது. டாலருக்கு 76 ரூபாய் என்று வைத்தால் 45 கிலோ மூட்டைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நம் விவசாயி கொடுத்ததோ 270 ரூபாய்க்குள். மிச்சத்தை அரசு தாங்கியது. 2022-23ல் மத்திய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாய் அளவுக்குப் போயிற்று.

இது விவசாயிக்குப் பெரிய பாதுகாப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதில் ஒரு வினையும் உண்டு. விலை மாறாததால் உலகத்தில் நடப்பது நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. பருத்தியோ எள்ளோ விலை ஏறினால் சந்தையில் தெரிந்துவிடும். யூரியா விஷயத்தில் நெருக்கடி விலையாக வராமல் 'லோடு வரவில்லை' என்றுதான் வந்து சேர்கிறது. அதுவும் மேலுரம் இடும் வாரத்தில்! 2025ல் இதைப் பார்த்தோம். அந்த ஆகஸ்டுத் தொடக்கத்தில் நாட்டிலிருந்த யூரியா கையிருப்பு, முந்தின ஆண்டு அதே சமயம் இருந்ததில் பாதிக்கும் குறைவு. பல மாநிலங்களில் கடைவாசலில் வரிசை நின்றது. ஒரு கப்பலில் 50,000 டன் வருகிறது என்றால் அது 11 லட்சம் மூட்டை. அப்படி இரண்டு கப்பல் பதினைந்து நாள் தாமதமானால் எத்தனை ஊர்களில் பஞ்சம் தட்டும் என்று கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

டி.ஏ.பி.க்கும் பொட்டாஷுக்கும் நிலைமை வேறு. அவற்றுக்கு 2010 முதல் சத்து அளவுக்கு ஏற்ப மானியம் தருகிறார்கள். ஆகவே உலக விலையின் சூடு அங்கே ஓரளவு நேராகவே படும். அவற்றின் கடல்வழியும் வேறு. ஜோர்டான் பொட்டாஷும் மொராக்கோ பாஸ்பேட்டும் செங்கடல் வழியே வரவேண்டும். 2023 நவம்பரிலிருந்து ஏமன் நாட்டு ஹூதிகள் அவ்வழியே போன கப்பல்களைத் தாக்கினார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக, பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. வாடகையும் இன்ஷூரன்சும் ஏறின. 2024 பிப்ரவரியில் தாக்கப்பட்டு மார்ச் 2ல் மூழ்கிய 'ரூபிமார்' கப்பலில் இருந்தது, ஏறக்குறைய 21,000 டன் உரம். பல்கேரியா விவசாயிக்குப் போக வேண்டியது கடலுக்குள் போயிற்று.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் கேட்டுவிட்டு யூரியாவே வேண்டாமென்று ஒரே நாளில் விட்டுவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது. இலங்கையில் 2021ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் விழுந்தது. நமக்கு வேண்டியது மூன்று மூட்டையை இரண்டாக்குவது. அதற்கு வழி இருக்கிறது.

குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 48 முதல் 60 கிலோ தழைச்சத்து சிபாரிசு. எல்லாவற்றையும் யூரியாவாகவே இட்டால் இரண்டரை முதல் மூன்று மூட்டை ஆகும். இதில் பயிர் எடுத்துக்கொள்வது பாதிக்கும் குறைவே. மற்றது காற்றோடும் நீரோடும் போகிறது. ஒன்றரை சிலிண்டரில் முக்கால் சிலிண்டருக்கு மேல் வீண் என்று அர்த்தம்.

ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், சுமார் 45ஆம் நாள் மடக்கி உழுதால் 20 முதல் 25 கிலோ தழைச்சத்து கிடைக்கும். அதாவது ஒரு மூட்டை யூரியா வயலிலேயே விளைந்துவிட்டது. மேட்டூர்த் தண்ணீரை மட்டும் நம்பிக் குறுவை செய்பவர்களுக்கு இது தோதுப்படாது, நாள் போதாது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களும், கோடைமழையைப் பிடித்து விதைத்துச் சம்பா நடுபவர்களும் தாராளமாகச் செய்யலாம். நெல் தரிசில் உளுந்து விதைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடக்கூடாது.

மீதி யூரியாவை நாள் கணக்குப் பார்த்து இடாமல் பயிரைப் பார்த்து இடுவது நல்லது. இதற்கென்று இலை வண்ண அட்டை இருக்கிறது, விலை சொற்பம். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், நன்கு விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேரே படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். பத்துக் குத்துகளில் ஆறு அல்லது அதற்கு மேல் 4ஆம் எண் நிறத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் உரம் இடவும். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண் போதும். ஒரு தடவைக்கு ஏக்கருக்குக் குறுவையில் 30 கிலோ, சம்பா தாளடியில் 26 கிலோ யூரியா. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 1 பங்கு என்று கலந்து ஓர் இரவு வைத்திருந்து வீசினால் சத்து மெதுவாகக் கரைந்து நின்று பயன் தரும். 2015 முதல் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது என்றாலும், மணற்பாங்கான வயலில் இந்தக் கலவை இன்னும் பயன்படும்.

டி.ஏ.பி. கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டில் இருக்கிறது. கூடவே கந்தகமும் வரும். தழைச்சத்துக்கு 20 கிலோ யூரியா சேர்த்துக் கொள்ளவும். பொட்டாஷ் நம் நாட்டில் கிடைப்பதில்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் என்று எங்கிருந்தோ வரவேண்டும். ஆனால் நெற்பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பகுதி வைக்கோலில் நிற்கிறது. அறுவடை மிஷின் விட்டுப்போகும் வைக்கோலைக் கொளுத்துவதும், மாடு இல்லாதவர்கள் கட்டுக்கட்டாய் விற்றுவிடுவதும் பரவி வருகிறது. விற்கும்போது வரும் பணத்தோடு அடுத்த பட்டத்தில் பொட்டாஷுக்குக் கொடுக்கப் போவதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பகுதியையாவது வயலில் மடக்கி உழுவதே லாபம்.

போர்ச் செய்தி வந்தவுடன் இரண்டு பட்டத்துக்குச் சேர்த்து யூரியா வாங்கி அடுக்கும் வழக்கமும் உண்டு. ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். பக்கத்து வயல்காரருக்கும் கிடைக்காமல் போகும். தட்டுப்பாட்டுச் சமயத்தில் சில கடைகளில், இந்த நுண்சத்து டப்பாவை வாங்கினால்தான் யூரியா தருவோம் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாயால் சொன்னால் நிற்காது. தக்கைப்பூண்டு விதை வேண்டுபவர்கள் மே மாதத்திற்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் பதிந்து வைப்பது நல்லது. மழை பெய்தபின் போனால் விதையும் 'லோடு வரவில்லை' என்பார்கள்.